தொலைவும் தொடர்பும்: பழைய சிறு வானூர்தியைச் செப்பம் செய்தல்

முன்னுரை

சீவகசிந்தாமணியில் சச்சந்தன் விசயைக்கு மயிற்பொறி அமைத்துத் தந்ததைத் தமிழ் பயில்வோர் அறிவர். பொறியை வலமாகத் திருகினால் எழும். இடமாகத் திருகினால் இறங்கும். அஃது எவ்வளவு தொலைவு செல்லும், அதில் இருப்பவர் நிலத்தில் இருப்பவரோடு எவ்வாறு பேசுவார் என்னும் வினாக்கள் காப்பியத்திற்குத் தேவைப்படவில்லை. இக்காலச் சிறு வானூர்திக்கோ இவ்விரண்டுமே உயிர்நாடியாகும். பழைய சிறு வானூர்தியில் எரிபொருட் கொள்ளளவைப் பெருக்குவதையும் ஆண்டெனாக்களைப் புதுப்பிப்பதையும் குறித்து இக்கட்டுரையில் காண்போம். ஓமலூரை அடுத்த கமலாபுரத்தில் வானூர்தி நிலையம் அமைந்துள்ள சேலம், நாமக்கல் பகுதி மாணவர்க்கு இப்பொருள் அயலானதன்று.

வரலாறு காட்டும் பாடம்

1930ஆம் ஆண்டு மே மாதம் ஏமி ஜான்சன் என்னும் ஆங்கில நங்கை இலண்டனை அடுத்த குராய்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின் வரை தனியே பறந்தார். அவருடைய 'ஜிப்சி மாத்' வானூர்தி பிறரிடமிருந்து வாங்கிய பழையது. கூடுதல் எரிபொருள் தொட்டிகள் பொருத்தப்பெற்றது. ஆயினும் அதில் வானொலிக் கருவி இல்லை. கராச்சியிலிருந்து அலகாபாத்தை நோக்கிப் பறந்தவர், எரிபொருள் குறைந்தமையால் ஜான்சியில் படையினரின் அணிவகுப்புத் திடலில் இறங்க நேர்ந்தது. தொட்டி பெரிதாயினும், 'எங்கு இருக்கிறோம்?' என்று கேட்க வழியில்லையேல் பயணம் இடர்ப்படும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

எரிபொருட் கொள்ளளவு

பழைய செஸ்னா 172 வகை வானூர்தியின் தொட்டிகள் ஏறத்தாழ 160 லிட்டர் கொள்வன. மணிக்கு 32 லிட்டர் செலவாயின் 5 மணி நேரம் பறக்கலாம் எனக் கணக்குச் சொல்லும். ஆனால் தொட்டியின் அடியில் தங்குவதையும் இடர்க்காலத்திற்கு வைக்கும் இருப்பையும் கழித்தே பயணத்தைத் திட்டமிடல் வேண்டும்.

மேலும் 60 லிட்டருக்குத் தொட்டி அமைத்தால் ஏறக்குறைய 2 மணி நேரம் கூடும். அவ்வெரிபொருளின் எடையோ 43 கிலோ. தொட்டி, குழாய் ஆகியவற்றின் எடை வேறு. தொட்டியைக் கூட்டினால் ஊர்தி சுமக்கத்தக்க மொத்த எடை கூடிவிடாது. ஆதலின் ஒரு பயணியையோ அவர்தம் பெட்டிகளையோ இறக்கிவிட நேரும்.

எடை எங்கே அமைகிறது என்பது அதனினும் இன்றியமையாதது. பின்புறம் பாரம் மிகுந்த லாரி முன்சக்கரப் பிடிப்பை இழப்பதைச் சாலையில் காண்கிறோம். வானூர்தியில் பாரம் வாற்புறம் மிகுந்தால், வேகம் குறைந்து சரியும்போது அதனை மீட்பது அரிதாகும். நாமக்கல் எரிவாயு டேங்கர்களுக்குள் தடுப்புத் தகடுகள் உண்டு. உள்ளிருக்கும் நீர்மம் ஒருசேரப் பாய்ந்து வண்டியைச் சாய்க்காதவாறு அவை காக்கின்றன. வானூர்தித் தொட்டிகளிலும் இத்தகைய தடுப்புகள் அமைக்கப்பெறுகின்றன. காற்றுப்போக்கிக் குழாய் அடைபட்டால், தொட்டி நிறைந்திருந்தும் எஞ்சினுக்கு எரிபொருள் வந்து சேராது.

ஆண்டெனாக்கள்

ஆண்டெனாவின் நீளம் அலைநீளத்தைப் பொறுத்தது. வானூர்தியினர் பேசும் அலைவரிசை 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை ஆதலின், கால் அலைநீளமான ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் கம்பி அதற்கு வேண்டும். ரேடாரின் வினாவிற்கு விடையளிக்கும் டிரான்ஸ்பாண்டருக்கு 7 சென்டிமீட்டரே போதும். அது வயிற்றுப்புறத்தில் நிலத்தை நோக்கி அமையும். செயற்கைக்கோளைப் பார்க்கும் ஜி.பி.எஸ். ஆண்டெனா முதுகில் அமையும்.

இவ்வகைக் கம்பியின் அடியில் உலோகப் பரப்பு வேண்டும். உலோக உடலில் அடிப்பகுதி வண்ணத்தைச் சுரண்டிப் பொருத்தினால் போதும். பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் 'புஷ்பக்' போன்று துணி போர்த்திய ஊர்திகளிலோ துணியின் உட்புறம் உலோகத் தகடு வைத்தல் வேண்டும்.

விபத்தின்போது தானே குரலெழுப்பும் கருவிகளுள் பழையவை 121.5 மெகாஹெர்ட்ஸில் இயங்கின. 2009 பிப்ரவரி முதல் செயற்கைக்கோள்கள் அவ்வலைவரிசையைச் செவிமடுப்பதில்லை. 406 மெகாஹெர்ட்ஸையே கேட்கின்றன. ஆகவே கருவியையும் ஆண்டெனாவையும் சேர்த்தே மாற்றல் வேண்டும்.

பேச்சலைகள் நேர்கோட்டில் செல்வன. சமவெளிக்கு 1000 மீட்டர் மேலே பறப்பவரின் குரல் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் எட்டும். ஆனால் தாழப் பறப்பவருக்கும் நிலையத்திற்கும் இடையே சேர்வராயன் மலையோ கொல்லிமலையோ குறுக்கிட்டால், சிறந்த ஆண்டெனாவும் ஊமையாகிவிடும்.

சான்றும் கணக்கும்

இம்மாற்றங்களை உரிமையாளர் தம் விருப்பப்படி செய்துகொள்ள இயலாது. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஏற்ற வரைவின்படி, உரிமம் பெற்ற பொறியாளர் செய்து கையொப்பமிடல் வேண்டும். ஊர்தியின் எடையும் சமநிலையும் மீண்டும் கணக்கிடப்பட்டு ஏட்டில் ஏற வேண்டும். எரிபொருள் காட்டும் முள்ளையும் புதிய தொட்டிக்கேற்பச் சரிபார்த்தல் வேண்டும். பொய்யுரைக்கும் முள் சிறிய தொட்டியினும் கொடிது.

முடிவுரை

தொட்டி தொலைவைத் தரும். ஆண்டெனா தொடர்பைத் தரும். ஒன்றைப் பெருக்கி மற்றொன்றை மறந்தால் பயணம் நிறைவுறாது. கூட்டிய ஒவ்வொன்றிற்கும் எடையாலும் இடத்தாலும் விலை கொடுத்தே ஆக வேண்டும். பழைய பொறியைப் புதுப்பிக்க முனைவோர்க்குக் கைத்திறனோடு கணக்கில் நேர்மையும் வேண்டும். பொறியியல் பயிலச் செல்லும் நம் மாணவர்கள் இதனை உளங்கொள்வார்களாக.