உங்களுக்குத் தெரியுமா? விண்முகிலின் சிவப்பு ஒப்பனை அல்ல!

ஜவ்வாது மலையின் காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியே ஆனாலும், கேமராவிலிருந்து நேராக வரும் விண்முகில் படம் திரையில் ஏறக்குறைய இருட்டாகத்தான் தெரியும். ஒளி அதில் இல்லாமல் இல்லை; எண்களாக அடியில் படிந்து கிடக்கிறது. 16 படங்களை அடுக்கிச் சராசரி எடுத்தால், தாறுமாறான இரைச்சல் நான்கில் ஒரு பங்காகிறது. அதன்பின் மங்கலான பகுதிகளின் பொலிவை மட்டும் உயர்த்த, வெறும் இருளாக இருந்த இடத்தில் வாயு இழைகள் துலங்குகின்றன.

‘இது கணினி பூசிய அரிதாரம், தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்தால் சாம்பல் நிறம்தானே?’ என்பார்கள். சாம்பல்தான். ஆனால் குறை கண்ணுடையது: மங்கிய ஒளியில் வேலை செய்யும் குச்சி செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. ஓரியன் விண்முகிலின் ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில் உமிழும் சிவப்பையோ நிறமாலையில் அளந்தே காட்டலாம். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் புகழ்பெற்ற படங்களில் அதே ஹைட்ரஜன் பச்சையாவது வேறு கதை. வரைபடத்தில் மாவட்டங்களுக்கு வண்ணம் தீட்டுவது போன்ற குறியீடு அது, சொல்லிவிட்டுச் செய்தால் தவறில்லை. தரவில் இல்லாத இழையை மென்பொருள் தானாக வரைந்து சேர்த்தால், அதுதான் பொய்ப்படம்.