தவணை முடிந்த பின்னும் நிற்கும் கட்டில்

சித்தூர்க் கிளையில் நான் பணியாற்றிய காலத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு நாள் என் மேசைக்கு வந்தார். மணமாகித் தனிக்குடித்தனம் சென்ற மகளுக்காகத் தனிநபர் கடன் பெற்று, கட்டிலும் அலமாரியும் வாங்கித் தந்தவர் அவர். முப்பத்தாறு தவணைகளுள் இருபதைத் தவறாமல் செலுத்தியிருந்தார். எஞ்சியவை எத்தனை என்று கேட்டார். பதினாறு என்றேன். மெல்லச் சிரித்து, "கட்டில் கணக்கு முடிந்துவிட்டது சார், உங்கள் கணக்குத்தான் இன்னும் முடியவில்லை" என்றார்.

ஐப்பசி மழையின் ஈரத்தில் பலகை உப்பியிருக்கிறது. திருகாணிகள் பிடிமானம் இழந்து, ஓர் இரவு பக்கச் சட்டம் கழன்று விழுந்துவிட்டது. விற்ற கடையிலோ, உத்தரவாதம் ஓராண்டுக்கு மட்டுமே என்று கூறிவிட்டனர். அவர் கடையையும் குறை கூறவில்லை. வங்கியையும் குறை கூறவில்லை. "பார்க்க மரம் போலவே இருந்தது" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சொல் என்னை நெடுநாள் உறுத்திற்று. விண்ணப்பதாரரின் வருமானத்தை ஆராய்கிறோம். திருப்பிச் செலுத்தும் திறனை ஆராய்கிறோம். வாங்கப்படும் பொருள் கடன் முடியும் வரையேனும் உழைக்குமா என்பதை எவரும் ஆராய்வதில்லை. அதை ஆராயவேண்டியவர் வாங்குபவரே. அதற்கு வேண்டிய அறிவு நம் ஊர்த் தச்சுப் பட்டறைகளில் இன்றும் இருக்கிறது.

திருப்பதியிலிருந்து வந்த மரம்

தமிழர் இல்லங்களில் நவராத்திரிக் கொலுவின் முதற்படியில் அமரும் மரப்பாச்சி இணையை நினைத்துப் பாருங்கள். பாட்டி மணமகளாய் வந்தபோது கொண்டுவந்த பொம்மை, பேத்தியின் கொலுவிலும் நிற்கிறது. திருப்பதி யாத்திரையின் நினைவாக வாங்கிவரப்பட்டவை அவற்றுள் பல. மரபாக அவை செதுக்கப்பட்டது செம்மரம் எனப்படும் செஞ்சந்தனத்தில்.

உலகில் இம்மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், குறிப்பாகச் சேஷாசலம் முதலிய மலைகளில்தான். அதன் வைரம் நீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானது. சீனத்தில் சிங் வமிச அரண்மனைகளின் இருக்கைகளும் பேழைகளும் இம்மரத்தால் செய்யப்பட்டன. பெய்ஜிங்கில் 1999ஆம் ஆண்டு முதல் இதற்கெனத் தனி அருங்காட்சியகமே உள்ளது.

அந்தப் பெருமைக்குக் கொடுத்த விலையும் பெரிது. அழிவாய்ப்புள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் செம்மரம் 1995இல் சேர்க்கப்பட்டது. ஆயினும் கள்ளவெட்டு ஓயவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று, செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறப்பட்ட தமிழகத் தொழிலாளர் இருபது பேர் சேஷாசலக் காட்டில் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். கூலிக்காக மலையேறிய ஏழைகளின் வீடுகளில் அந்த மரத்தால் செய்த ஒரு முக்காலியும் இருந்திராது. உரிய ரசீதும் வனத்துறையின் அனுமதிச் சான்றும் இல்லாத செம்மரப் பொருளை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கலாகாது என்பது இதனால் சட்டம் மட்டுமன்று, அறமும் ஆகும்.

வாசலில் நிற்கும் மரம்

அரிய மரம் கைக்கெட்டாது என்றால், கைக்கெட்டும் மரம் எது? சித்தூர்ப் பகுதியில் இக்கேள்விக்கு விடை தேடி அலைய வேண்டியதில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் மாந்தோப்புகள். கூழ் ஆலைகளுக்குச் செல்லும் தோத்தாபுரி மாங்காய்க்குப் பெயர்பெற்ற மண் இது. காய்ப்பு ஓய்ந்த முதுமரங்களை வெட்டிப் புதுக்கன்று நடுகின்றனர். வெட்டிய மரம் பெரும்பாலும் பழப்பெட்டியாகவும் விறகாகவும் கட்டடச் சென்டரிங் பலகையாகவும் போய்விடுகிறது.

மாமரம் தேக்கன்று. அறுத்தவுடன் பயன்படுத்தினால் வளையும். வண்டு துளைத்து உளுத்துப்போகும். ஆனால், அறுத்த பலகைகளை வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைத்து, இடையிடையே குச்சிகள் வைத்து நிழலில் அடுக்கிப் பொறுமையாக உலர்த்தினால், வீட்டினுள் இருக்கும் மேசைக்கும் கட்டிலுக்கும் அது தக்க மரமாகும். ஓர் அங்குலப் பலகை காற்றில் உலர ஏறத்தாழ ஓராண்டு பிடிக்கும் என்பது பட்டறைகளின் பொதுவான கணக்கு. வேம்பு, வாகை, பலா, பூவரசு ஆகியவையும் இவ்வாறே நம் வீடுகளுக்கு உழைத்தவை. இடிக்கப்படும் பழைய வீடுகளின் தேக்கு உத்திரங்களும் கதவுகளும் காரைக்குடி போன்ற இடங்களில் விலைக்குக் கிடைக்கின்றன. பல்லாண்டுகள் உலர்ந்து நிலைத்த அம்மரத்தைப் புது மரம் எளிதில் விஞ்ச முடியாது.

கையும் கருத்தும்

மரத்திற்கு அடுத்தது கைத்திறன். திருப்பதியிலிருந்து காளத்தி செல்லும் பக்கத்தில் உள்ள மாதவமாலா, மரச்சிற்பத்திற்குப் பெயர் பெற்ற சிற்றூர். தெய்வத் திருவுருவங்களைச் செதுக்கும் குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கு வாழ்கின்றன. அவர்களுடைய படைப்புகள் ஆந்திர அரசின் லேபாக்ஷி விற்பனை நிலையங்களிலும் கிடைக்கின்றன. தெலுங்கில் வட்ரங்கி என்றும் தமிழில் ஆசாரி என்றும் அழைக்கப்படும் தச்சர் அநேகமாக ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார். ஆனால் நாம் அவரை அழைப்பது நிலைப்படி வைக்கவும் கதவின் கீல் மாற்றவும் மட்டுமே. "ஆசாரி செய்தால் பழைய பாணியில் இருக்கும்" என்பது நம்மவர் எண்ணம்.

அவ்வெண்ணம் தவறு என்பதற்குப் புதுச்சேரியே சான்று. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது. 1930களின் பிற்பகுதியில் அதன் பணியை உடனிருந்து கவனித்தவர் ஜப்பானிய வமிசாவளியைச் சேர்ந்த அமெரிக்கர் ஜார்ஜ் நகாஷிமா. அங்குள்ள தேக்குக் கட்டில்களிலும் நாற்காலிகளிலும் அலங்காரம் ஏதுமில்லை. வேண்டிய மரம் மட்டுமே உண்டு. அறைகளின் நகரும் கதவுகள் தேக்குப் பட்டிகளால் ஆனவை. காற்று உள்ளே வரும். பிறர் பார்வை வராது. நம் வெயிலையும் வாழ்க்கையையும் அறிந்து செய்த வடிவம் என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

பின்னாளில் அமெரிக்காவில் பட்டறை அமைத்து உலகப்புகழ் பெற்ற நகாஷிமா, 1964இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் பணியாற்றினார். பலகையில் வெடிப்பு இருந்தால் அவர் அதை மறைக்க மாட்டார். வண்ணத்துப்பூச்சி வடிவில் ஓர் ஆப்பைப் பதித்து, வெடிப்பு மேலும் விரியாமல் நிறுத்திவிடுவார். குறையே அழகாயிற்று. அதற்குத் தேவைப்பட்டது உளியும் கூர்ந்த கண்ணுமே. அவை நம் ஆசாரிகளிடமும் உண்டு. நாம் தரவேண்டியது தெளிவான வரைபடமும் அளவும் போதிய கால அவகாசமும்தான்.

கேட்க வேண்டிய கேள்விகள்

முதலில், மரம் எது, எப்போது அறுத்தது என்று கேளுங்கள். வெளிறு நீக்கி வைரப்பகுதி மட்டும் எடுக்கப்படுகிறதா என்று பாருங்கள். கன அடி விலையையும் கூலியையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள்.

அடுத்து, இணைப்பு. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையில் திருகாணியே எல்லாம். ஈரம் ஏறிப் பலகை உப்பினால் திருகாணி கழலும். முழுமரமும் மழையில் சற்று விரியும், கோடையில் சுருங்கும். ஆனால் ஒரு சட்டத்தில் துளையிட்டு, மற்றொன்றின் முனையை நாக்குப்போலச் செதுக்கி இறுகச் செருகிய இணைப்பு அந்த அசைவைத் தாங்கும். தளர்ந்தாலும் ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம்.

மூன்றாவது, அளவு. உணவு மேசையின் உயரம் 29 அல்லது 30 அங்குலம், நாற்காலி இருக்கை 17 அல்லது 18 அங்குலம் என்பது வழக்கம். உங்கள் இல்லத்தவர் குள்ளமானவராயின் இருக்கையை 16 அங்குலமாகக் குறைக்கச் சொல்லுங்கள். பாதம் தரையில் படியாத நாற்காலியால் முழங்கால்தான் நோகும். முதியோர் எளிதில் எழுவதற்கேற்ற உயரத்தில் கட்டில் அமையட்டும். கடைப்பொருள் எல்லோருக்கும் ஒரே அளவில் வரும். ஆசாரியோ உங்கள் தாயாரின் உயரத்தைக் கேட்டுச் செய்வார்.

கணக்கும் கடனும்

ஓர் எடுத்துக்காட்டு. 60,000 ரூபாயை 12 விழுக்காடு வட்டியில் மூன்றாண்டுகளுக்குக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறக்குறைய 1,993 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 11,700 ரூபாய். இந்த 71,700 ரூபாயும் மூன்றாண்டில் உடையும் பொருளுக்கானால், ஆண்டுச் செலவு 23,900 ரூபாய். இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கும் பொருளுக்கானால், ஆண்டுக்கு 2,900 ரூபாய்க்கும் குறைவு. முடிந்தால் கடனே பெறாமல், ஓராண்டுத் தொடர் வைப்பில் சேமியுங்கள். பலகை உலரும் அதே ஓராண்டில் பணமும் சேர்ந்துவிடும்.

தச்சர்களுக்கும் ஒரு சொல். 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் பதினெட்டுத் தொழில்களுள் தச்சும் ஒன்று. பயிற்சியுடன், கருவிகளுக்கு 15,000 ரூபாய் ஊக்கத்தொகையும், பிணையின்றி முதற்கட்டமாக ஒரு லட்சமும் அடுத்த கட்டமாக இரண்டு லட்சமும் 5 விழுக்காடு வட்டியில் கடனும் அத்திட்டத்தில் உண்டு. உங்கள் ஊர் ஆசாரி இதை அறிவாரா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அந்த ஆசிரியர் எஞ்சிய பதினாறு தவணைகளையும் நாள் தவறாமல் செலுத்தி முடித்தார். கடைசித் தவணையன்று, புதுக் கடன் எதுவும் வேண்டாம் என்றார். உறவினர் தோப்பில் விழுந்த மாமரம் ஒன்றைப் பலகையாக அறுத்து, வீட்டுத் திண்ணையில் அடுக்கியிருப்பதாகவும், ஆசாரி அடுத்த தை மாதம் வருவதாகவும் சொன்னார். மகளுக்குத்தான் அந்தக் கட்டில்.