வருவார்க்கும் வாழ்வார்க்கும் ஊர் வகுத்தல்

பட்டம் பெற்றபின் யாது செய்வது என்னும் வினா எம்போன்ற மாணாக்கரை இராப்பகலாய் வருத்துவது. ஆசிரியத் தொழிலும் அரசாங்க உத்தியோகமுமன்றி வேறொன்றைச் சொன்னால், வீட்டிலுள்ள பெரியோர் நம்மை ஐயுற்று நோக்குவர். எனினும், அண்மையில் யாம் ஆராய்ந்தறிந்த ஒரு தொழிலைக் கலாசாலை நண்பர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம். யாத்திரிகரும் உல்லாசப் பிரயாணிகளும் திரளாக வந்து செல்லும் ஊர்களைத் திட்டமிட்டு வகுக்கும் நகரமைப்புத் தொழிலே அது.

விடுதி நடத்துதலோ வழிகாட்டுதலோ இதுவன்று. ஓர் ஊருக்கு ஒரே நாளில் அதன் குடிகளினும் பன்மடங்கு பெருந்திரள் வந்துவிடின், குடிநீர் எங்கிருந்து வரும்? கழிவு எங்கே செல்லும்? வண்டிகள் எங்கே நிற்கும்? அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த மூதாட்டி ஒருத்தி அன்று மருந்து வாங்கக் கடைத்தெருவிற்கு எவ்வாறு போவாள்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே நகரமைப்பாளன் வேலை. இறுதி வினாவை மறந்தவன், வருவார்க்கு ஊரை அலங்கரிக்கலாம். வகுத்தவன் ஆகான் என்பது எம் கருத்து.

இதற்கு மதுரையினும் சிறந்த பாடநூல் இல்லை. கோயிலை நடுவாக வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி எனத் திங்கட்பெயர் தாங்கிய வீதிகள் ஒன்றையொன்று சூழ்ந்து கிடக்கின்றன. அவற்றிற்கப்பாலுள்ள வெளி வீதிகள், 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில் எழுந்தவை. தேரோடும் வீதி தேரின் அகலத்தையும் அது திரும்பும் திருப்பத்தையும் நோக்கி அமைவது. ஆயின், சித்திரைத் தேர் மாசி வீதிகளில் ஓடுவதேன்? மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் (1623-1659) சித்திரைக்கு மாற்றி, அழகர் விழாவோடு இணைத்தார் என்பர். அறுவடை முடிந்து உழவர் கையில் பொருளும் பொழுதும் உள்ள காலம் அது. தெருவை மட்டுமன்றிக் காலத்தையும் வகுக்கலாம் என்பதை அம்மன்னர் அறிந்திருந்தார் போலும்.

கூட்டம் கூட்டுதல் எளிது; அதனைக் காத்தலே அரிது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள், நோய்த்தடையால் இரண்டாண்டு பொதுமக்களின்றி நடந்த விழா மீண்டும் பெருந்திரளுடன் நடந்தபோது, அழகர் வையையில் இறங்கிய வேளையில் நெரிசலில் இருவர் மாண்டனர். தொழுது மீள வந்தவர் மீளவில்லை. இத்தொழிலை வரைபட வேலை என்று எண்ணுவோர் அந்நாளை நினைத்தல் வேண்டும்.

இந்நெறியில் நமக்கு முன்னோடி பாட்ரிக் கெட்டிஸ் (1854-1932) என்னும் ஸ்காத்லாந்தியர். தாவர நூற் பேராசிரியராயிருந்த அவர், 1914-இல் இந்தியா வந்து, மறு ஆண்டு சென்னையில் நகரங்களைப் பற்றிய கண்காட்சி ஒன்று நடத்தினார். மதுரை, தஞ்சை, காஞ்சி முதலிய ஊர்களைக் கண்டு அறிக்கைகளும் எழுதினார். பழந்தெருக்களை இடித்து நேர்வீதி போடுதலே முன்னேற்றம் என்று பிறர் கருதிய அக்காலத்தில், வேண்டாதன சிலவற்றை மட்டும் நீக்கி, ஏனையவற்றைக் காக்கவேண்டும் என்றார். அவர் முறை நடந்தறிதல். தெருத்தெருவாக நடந்து பார்த்த பின்னரே எழுதுகோல் எடுப்பார். இந்தூரில் கொள்ளைநோய் மிக்கிருந்த காலத்தில், எத்தெருவார் தம் வீடுகளை மிகுதியாகத் துப்புரவு செய்கின்றனரோ அத்தெரு வழியே தீபாவளி ஊர்வலம் வரும் என்று அறிவிக்கச் செய்தாராம். ஊர் முழுதும் துடைப்பம் எடுத்தது! யாம் படித்த சட்டங்கள் யாவற்றினும் இவ்வறிவிப்பு இனிது.

சட்டமும் வேண்டாமலில்லை. மதுரைக் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டருக்கு மேல் உயரலாகாது என்று 1997-இல் விதி செய்தனர். மாமல்லபுரம் போன்று மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள இடங்களில், 2010-இல் திருத்திய சட்டப்படி, முதல் 100 மீட்டரில் புதுக்கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டரில் அனுமதி வேண்டும். காணவருவோர் இதனால் மகிழ்வர். மகனுக்கு மணமாகி மாடியில் ஓர் அறை கட்ட நினைக்கும் வீட்டுக்காரர் மகிழார். இருவர்க்கும் நடுவே நின்று பேசவேண்டியவன் நகரமைப்பாளன். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு 2024 மே மாதம் அனுமதிச் சீட்டு முறை வந்ததும் இத்தகைய வழக்கே.

இனிப் பயிற்சி. நான்காண்டுத் திட்டமிடற் பட்டப்படிப்பிற்குப் பள்ளியிறுதியில் கணிதம் வேண்டும். அகில இந்திய நுழைவுத் தேர்வில் இதற்கெனத் தனித்தாள் உண்டு. கட்டடக்கலையோ கட்டடப் பொறியியலோ பயின்றோர் ஈராண்டு முதுநிலை வகுப்பிற் சேரலாம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் அது நடைபெறுகிறது. பின்னர் அரசின் நகர் ஊரமைப்புத் துறையிலோ தனியார் ஆலோசனை நிலையங்களிலோ அமரலாம். தமிழ் மட்டும் பயின்ற எம்மனோர்க்கு நேர்வாயில் அடைத்தே கிடக்கிறது, மறைப்பானேன்? ஆயினும் புவியியல், பொருளியல், சமூகவியல் ஆகியவற்றில் முதுகலைப் பட்டம் பெற்றோரைத் தில்லித் திட்டமிடல் கட்டடக்கலைப் பள்ளி ஏற்கிறது. சுற்றுவழிதான், எனினும் வழியே. மதுரைக்காஞ்சியில் நாளங்காடியும் அல்லங்காடியும் படித்துப் பொருள் எழுதும் நாம், இன்று இரவில் கடை விரிப்போர் எங்கே இடம் பெறுகின்றனர் என்று சென்று பார்த்தால், அதுவே அத்தொழிலின் முதற்பாடமாகும்.

அவ்வாறு சென்ற கோடையில் யாம் மூவர் மேலமாசி வீதியில் ஒரு பகல் முழுதும் நின்றோம். வெளியூரார் முதலிற் கேட்டது கோயிலுக்கு வழியன்று, கழிப்பிடம். அடுத்துக் கேட்டது நிழல். ஒரு வீட்டுக்காரரோ தம் வாயிலில் நின்ற பிறர் வண்டியைக் காட்டி எங்களிடம் அரைமணி நேரம் முறையிட்டார்; எங்களை அதிகாரிகள் என எண்ணினார் போலும். வருவோர் நின்ற இடங்களைச் சிவப்பாலும், வாழ்வோர் நடந்த வழிகளை நீலத்தாலும் குறித்தோம். பிற்பகலுக்குள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, தாள் முழுதும் ஊதாவாயிற்று. வரும் சித்திரைக்குப் பெரிய தாள் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம்.