தரகர் கையில் கொடுத்த செய்தி

கணனித் துறையில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் ‘மெசேஜ் புரோக்கர்’ என்று ஒன்றைப் பற்றி அடிக்கடி பேசுவார்கள். தமிழில் தரகர் என்றே சொல்லிவிடலாம். காணித் தரகர், கலியாணத் தரகர் போல இதுவும் இரு தரப்புக்கு நடுவில் நிற்பதுதான். ஒரு மென்பொருள் கொடுக்கும் செய்தியை வாங்கி இன்னொரு மென்பொருளிடம் சேர்க்கும். அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டியதில்லை என்பதே இதன் பெரிய வசதி. அப்படியென்றால், பெறுபவர் வரும்வரை செய்தி எங்கே இருக்கும்?

ஜாவா மொழியில் எழுதப்பட்ட மென்பொருள்கள் தரகரோடு பேசுவதற்கான விதிமுறையை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1998இல் வெளியிட்டது. அதன் பெயர் ஜே.எம்.எஸ். அப்பாச்சி அக்டிவ்எம்கியூ என்ற இலவசத் தரகர் மென்பொருள் அந்த விதிமுறையைப் பின்பற்றுவது. அதில் செய்தியை அனுப்ப இரண்டு வழிகள். ‘வரிசை’யில் போட்டால் ஒரு செய்தி ஒருவருக்கு மட்டும் போகும். ‘தலைப்பு’ ஒன்றில் போட்டால், அந்தத் தலைப்புக்குச் சந்தா வைத்த எல்லோருக்கும் ஆளுக்கொரு பிரதி.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். இருபது கிளைகள் உள்ள பாமசி ஒன்றின் தலைமைக் கந்தோர், ‘இந்தத் தொகுதி மருந்தை விற்க வேண்டாம்’ என்று ஒரு தலைப்பில் செய்தி போடுகிறது. பத்தொன்பது கிளைகளின் கணனிகள் இயங்குகின்றன. ஒன்று பூட்டிக் கிடக்கிறது.

செய்தியை ‘நிலைக்கும் செய்தி’ என்று குறித்தால், தரகர் அதை வட்டில் எழுதிய பிறகுதான் ‘கிடைத்தது’ என்று அனுப்புபவருக்குப் பதில் சொல்லும். ஞாபகத்தில் வைத்திருக்காமல் கொப்பியில் எழுதி வைப்பது மாதிரி. கரண்ட் போய் வந்தாலும் எழுத்து இருக்கும். ஜே.எம்.எஸ்.இல் வேறொன்றும் சொல்லாவிட்டால் எல்லாச் செய்தியும் இப்படித்தான் போகும். இதற்குள்ளும் ஒரு நுணுக்கம் உண்டு: வட்டில் எழுதச் சொன்னதை இயங்குதளம் உடனே எழுதாமல் கொஞ்ச நேரம் நினைவகத்தில் வைத்திருக்கலாம். அக்டிவ்எம்கியூ அதை வற்புறுத்தி எழுத வைக்கிறது. வேகம் வேண்டுமென்று அந்த வற்புறுத்தலை நிறுத்தி வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

“நிலைக்கும் என்று போட்டாச்சு தானே, இனி என்ன பயம்?” என்று கேட்பார்கள். பூட்டிக் கிடக்கும் கிளைக்கு இதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. தலைப்பில் வரும் செய்தியைத் தரகர் அந்நேரம் இணைந்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு முடித்துக்கொள்ளும். வானொலியில் செய்தி வாசிக்கும்போது நித்திரையாக இருந்தவருக்காக யாரும் திரும்ப வாசிப்பதில்லையே.

அந்தக் கிளைக்கு வேண்டியது ‘நிலைத்த சந்தா’. கிளையின் அடையாளப் பெயரையும் சந்தாவின் பெயரையும் தரகர் பதிந்து வைத்துக்கொள்ளும். அவர் இல்லாதபோது வருவதை அவர் பெயரில் எடுத்து வைக்கும். சந்தா பதியுமுன் வந்தவை கிடைக்காது. திரும்பி வருபவர் அதே இரண்டு பெயர்களோடும் வர வேண்டும். சிலர் எழுதும் மென்பொருள் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் புதிய அடையாளத்தை உண்டாக்கிக்கொள்கிறது. அப்போது தரகருக்கு அவர் புது ஆள். பழைய பெயரில் சேர்ந்தவை அப்படியே கிடக்கும்.

ஆக, நிலைக்கும் செய்தி தரகர் விழுந்தால் காப்பது. நிலைத்த சந்தா பெறுபவர் இல்லாதபோது காப்பது. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. சந்தா நிலைத்தது, செய்தி நிலைக்காதது என்றால், கிளை திறக்குமுன் தரகர் ஒருதரம் நின்று எழும்பினாலே செய்தி போய்விடலாம். ரெபிட்எம்கியூ என்ற மற்றத் தரகரிலும் இதே கதைதான்: வரிசையை நிலைத்ததாக அறிவித்துவிட்டுச் செய்தியை அப்படிக் குறிக்காமல் விட்டால், மறுதொடக்கத்துக்குப் பின் வரிசை இருக்கும், அந்தச் செய்தி இராது.

இந்தப் பாதுகாப்பு சும்மா கிடைப்பதில்லை. ஒரு கிளையை நிரந்தரமாக மூடிவிட்டார்கள், சந்தாவை நீக்க ஒருவருக்கும் ஞாபகமில்லை என்று வையுங்கள். தரகர் அதன் பெயரில் சேர்த்துக்கொண்டே போகும். அக்டிவ்எம்கியூவின் காஹாடிபி என்ற சேமிப்பில் கோப்பு ஒன்று வழமையாக 32 மெகாபைட். அதில் ஒரேயொரு செய்தி எடுக்கப்படாமல் இருந்தாலும் முழுக் கோப்பையும் அழிக்க முடியாது. ஒதுக்கிய இடம் நிரம்பினால் நிலைக்கும் செய்திகளை அனுப்புபவர்களைத் தரகர் காக்க வைத்துவிடும். மூடிய கடை ஒன்றுக்காகத் திறந்திருக்கும் பத்தொன்பது கடைகளுக்கும் செய்தி நின்றுபோகிறது! நெடுநாள் வராத சந்தாதாரரைத் தானாக நீக்கும் ஏற்பாடு அக்டிவ்எம்கியூவில் உண்டு. ஆனால் நாமாக அமைத்தால்தான் அது வேலை செய்யும். செய்திக்குக் காலாவதி குறிப்பதும் அப்படியே. குறிக்காவிட்டால் அதற்கு முடிவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கிளை செய்தியை வாங்கி வேலையை முடித்து, ‘கிடைத்தது’ என்று சொல்லுமுன் இணைப்பு அறுந்தால், தரகர் அதே செய்தியைத் திரும்பவும் கொடுக்கும். மருந்தை நிறுத்தச் சொல்லும் செய்தி இரண்டு தரம் வந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. கணக்கில் பணம் கழிக்கச் சொல்லும் செய்தி இரண்டு தரம் வந்தால் சங்கடம்தான். அதனால் அப்படியான செய்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம் கொடுத்து, ஏற்கெனவே முடித்த இலக்கமா என்று பெறுபவர் பக்கத்தில் பார்த்துவிட்டுத்தான் கையை வைக்கிறார்கள்.