தள்ளுவண்டியில் வந்த கிராமம்!

குட்டீஸ்... ராத்திரி நீங்கள் தூங்கினால் போலீஸ் வந்து அபராதம் போடுமா? போடாது. ஏனென்றால், உங்களுக்கு வீடு இருக்கிறது. வீடே இல்லாதவர், பூங்காவில் படுத்தால்?

அமெரிக்காவில், ஒரிகன் மாநிலத்தில் போர்ட்லாண்ட் என்று ஒரு பெரிய நகரம். பொது இடத்தில் கூடாரம் போடக் கூடாது என்று அங்கே 1981லேயே தடை வந்துவிட்டது. 2000ம் ஆண்டு டிசம்பர் மாதம், நல்ல குளிர். வீடில்லாத எட்டு பேர் சேர்ந்து ஐந்து கூடாரம் போட்டனர்.

'காலி செய்!' என்றது நகர நிர்வாகம். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சூப்பர் மார்க்கெட்டில் சாமான் தள்ளுவோமே, அந்த வண்டிகளில் மூட்டை முடிச்சுகளை ஏற்றி, ஊர்வலமாகக் கிளம்பிவிட்டனர்! அடுத்த இடத்திலும் விரட்டல், மறுபடி ஊர்வலம். இப்படிப் பல முறை. பத்திரிகைகளில் படம் வந்தது. நகரசபைக்குத் தர்மசங்கடம்!

கடைசியில், 2001ல் ஓர் இடம் கிடைத்தது. விமான நிலையத்துக்கு அருகில், உதிர்ந்த இலைகளைக் குவித்து நகராட்சி உரம் தயாரிக்கும் இடத்தின் பக்கத்தில்! தரை முழுக்கத் தார். ஊரைவிட்டு வெகு தூரம்; வேலை தேடிப் போவதென்றால் அலைச்சல்தான். இருந்தாலும் விடவில்லை. கூடாரங்கள் போய், சின்னச் சின்ன மர வீடுகள் வந்தன. 'டிக்னிட்டி வில்லேஜ்' என்று பெயர். 'கண்ணியக் கிராமம்' என்று வைத்துக்கொள்ளுங்களேன். சுமார் 60 பேர் இருக்கலாம். தலைவர்களை அவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அடிதடி, திருட்டு, குடி கூடாது. எல்லாரும் கிராம வேலை செய்ய வேண்டும். 2004ல் நகரசபை இதைச் சட்டப்படி அங்கீகரித்தது.

அதே மாநிலத்தில் கிராண்ட்ஸ் பாஸ் என்ற சின்ன ஊர். அங்கே பூங்காவில் போர்வை விரித்துப் படுத்தாலே 295 டாலர் அபராதம் போட்டார்கள்! கையில் காசு இருந்தால் அவர் ஏன் பூங்காவில் படுக்கப் போகிறார்? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 ஜூனில் தீர்ப்பு. அபராதம் போடலாம் என்று ஆறு நீதிபதிகள்; கூடாது என்று மூன்று பேர். நகரசபை ஜெயித்தது.

ஆனால், ஆட்களை எங்கே அனுப்புவது? இரண்டே மாதத்தில், கூடாரம் போட சில இடங்களை அதே நகரசபை ஒதுக்கியது. 2025 ஜனவரியில் பெரிய இடத்தை மூடியது. மிஞ்சிய சிறிய இடத்தில் மாலை 5 மணிக்கு வந்து, காலை 7 மணிக்குக் கிளம்பிவிட வேண்டியிருந்தது. நடக்க முடியாதவர்கள் தினமும் கூடாரத்தைச் சுருட்டிச் சுமக்க முடியுமா? மாற்றுத்திறனாளிகளுக்காக மறுபடி வழக்கு. அதே ஆண்டு சமரசம் ஏற்பட்டது. 150 பேருக்காவது ஓராண்டுக்கு இடம் தருவதாக நகரசபை ஒப்புக்கொண்டது.