ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் – 7: ஓர் எழுத்து படுத்திய பாடு

பாத்திமா என்று வைத்துக்கொள்வோம். மேலப்பாளையத்தில் ஏதாவதொரு தெருவில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நாலு வாசலிலிருந்து தலை எட்டிப் பார்க்கும். ஆகவே யார் குட்டும் உடைந்துவிடாது. அவள் எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேறியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன்.

மனத்திறனுக்கு 90, பாடத்துக்கு 90 என்று மொத்தம் 180 கேள்விகள். தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், அதாவது மாதம் ஆயிரம். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே வைத்த உதவித்தொகை இது. உம்மா பீடி சுற்றிச் சாப்பிடுகிற வீட்டில் மாதம் ஆயிரம் சும்மா இல்லை. ஆனால், தேறியதற்கும் பணம் வருவதற்கும் நடுவில் ஓர் எழுத்து வந்து உட்கார்ந்துகொண்டது.

பள்ளிப் பதிவேட்டில் பாத்திமா ‘எஃப்’பில் தொடங்கி, நடுவில் ‘டி’யும் ‘எச்’சும் சேர்ந்து வரும். ஆதாரில் அந்த ‘எச்’ இல்லை. வங்கிப் புத்தகத்திலோ யாரோ ஒரு புண்ணியவான் காதில் விழுந்தபடி ‘பி’ போட்டு எழுதியிருந்தார். தமிழில் மூன்றும் ஒரே பெண்தான். உதவித்தொகைக்கான இணையதளத்துக்குத் தமிழ்க் காது கிடையாதே! அதற்கு அவள் மூன்று ஆள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 34 வருடம் வங்கியில் இருந்தேன். எந்த வங்கி என்பது வேண்டாம். மனுவில் ஓர் எழுத்து பிசகினால் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவதில் நான் பெயர் போனவன். ‘அவர் கண்ணுக்கு எறும்பு கூடத் தப்பாது’ என்று மேலாளர் சொன்னபோது பெருமையாகத்தான் இருந்தது. பாளையங்கோட்டையில் என் வீட்டிலிருந்து மேலப்பாளையம் சைக்கிள் மிதிக்கிற தூரம். அத்தனை வருடத்தில் நான் அங்கே போனது செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தையை வேடிக்கை பார்க்க ஓரிரு முறை. அந்த ஊர் விலாசத்தோடு கடன் மனு வந்தால் மனுக் கட்டின் அடிக்குப் போய்விடும். போடு என்று யாரும் உத்தரவு தந்ததில்லை. அதுவாகவே போகும். முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் சில பகுதிகளை வங்கிகள் ‘எதிர்மறைப் பகுதி’ என்று குறித்து வைத்திருந்ததை 2006-ஆம் ஆண்டு சச்சார் குழு அறிக்கை எழுதியிருக்கிறது. அதைப் படித்தபோது வடக்கே எங்கேயோ நடக்கிற சங்கதி என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு நண்பர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனதால்தான் இந்த ஞாயிறு வகுப்பு. பிள்ளைகள் காலையில் ஓதிவிட்டு அப்படியே வந்துவிடுவார்கள். ஒரு வீட்டு மாடி, இரண்டு பாய், ஒரு கரும்பலகை. முதல் மாதம் நான் சதவீதம் நடத்திய லட்சணம் எனக்கு மறக்காது. நூறு மாம்பழத்தில் ஐந்து அழுகினால் என்று ஆரம்பித்து இரண்டு வாரம் தொண்டை வறண்டதுதான் மிச்சம். பாத்திமா கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். உம்மா மடியில் சுளகு, அதில் தூள், வெட்டிய இலை, நூல். கை சுற்றிக்கொண்டே இருக்க, வாய் என்னோடு பேசியது. இவள் பக்கத்தில் உட்கார்ந்து கட்டு போட்டுக்கொண்டிருந்தாள். கட்டுக்கு 25.

“ஆயிரத்துக்கு நாப்பது கட்டு சார். கடையில ரெண்டு கட்டு கழிச்சுட்டா அன்னைக்கு அம்பது பீடி சும்மா சுத்துன மாதிரி” என்றாள்.

“நூத்துக்கு எத்தனை போச்சு?”

“அஞ்சு.” இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இதத்தான் மாம்பழத்துல நடத்துனீங்களா?”

அதற்குப் பிறகு நான் மாம்பழத்தைத் தொடவில்லை.

எழுத்துக்கு வருவோம். பள்ளிப் பதிவேட்டைத் திருத்துவதைவிட ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் அதன் வழிக்குக் கொண்டுவருவது சுலபம் என்று முடிவு செய்தோம். சுலபம் என்று நான்தான் சொன்னேன். தலைமையாசிரியரிடம் சான்று. ஆதார் மையத்தில் டோக்கன். முதல் நாள் சர்வர் இல்லை, இரண்டாம் நாள் டோக்கன் தீர்ந்துவிட்டது, மூன்றாம் நாள் சான்றில் முத்திரை மங்கல். அப்புறம் வங்கி. கவுன்டரில் இருந்த பையனுக்கு என் மகன் வயது இருக்கும். காகிதத்தைப் பார்த்தான், நான் பார்த்த அதே பார்வை, வட்டம் போட்டு, “மேட்ச் ஆகல, மாத்திட்டு வாங்க” என்று தள்ளினான். கோபம் வரவில்லை. கூச்சமாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நானே உட்கார்ந்திருந்ததுபோல.

உம்மா ஒவ்வொரு தடவையும் கூடவே வந்தார். படியிறங்கும்போது ஒருநாள், “ஒரு நாள் வந்தா ஐநூறு பீடி போவுது சார், பரவால்ல” என்றார். நான் திருப்பி அனுப்பிய மனுக்களுக்கு எத்தனை ஐநூறு பீடி என்று அன்று ராத்திரி கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

இரண்டரை மாதம் கழித்து மூன்று பாத்திமாவும் ஒருத்தியானாள். பணமும் வந்தது. அது நோன்பு மாதம். உம்மா தூக்குச்சட்டியில் கஞ்சி கொடுத்துவிட்டார். சட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறும் சட்டியாகக் கொடுக்கக் கூடாது என்று என் மனைவி முறுக்கு போட்டு அனுப்பினாள். அந்தச் சட்டி இன்னும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் போய்வந்துகொண்டிருக்கிறது, எது யாருடையது என்பது குழம்பிப்போய்.

எல்லாம் இப்படி முடிவதில்லை. அதே வருடம் அவளைவிடக் கெட்டிக்காரப் பையன் ஒருவன் தேர்வன்று காய்ச்சலில் படுத்துவிட்டான். பத்தாவது முடித்ததும் செல்போன் கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். என் போனில் திரை உடைந்தால் அவன்தான் மாற்றித் தருகிறான், காசு வாங்க மாட்டேன் என்கிறான். அது எனக்குப் பிடிக்கவில்லை.

பாத்திமா இப்போது பதினொன்றாம் வகுப்பு. போன ஞாயிறு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் காகிதங்களை வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆதார் ஒரு பக்கம், பள்ளிச் சான்று ஒரு பக்கம், நடுவில் விரல். பெயரின் ஒவ்வோர் எழுத்தாக வாய்க்குள் சொல்லிக்கொண்டே நகர்ந்தது அந்த விரல். நான் ஒரு பையனுக்கு அப்பா பெயரை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மைதீன்.

எட்டிப் பார்த்தாள். “சார், இவன் வாப்பா ஆதார்ல ‘ஓ’ போட்டு ‘எச்’ வரும். நீங்க ‘ஏ’ போட்டிருக்கீங்க.” காகிதத்தை என் கையிலிருந்து மெதுவாக உருவினாள். “இத நான் பாத்துக்கிடுதேன். நீங்க கணக்கு மட்டும் பாருங்க.”

(தொடரும்)