ஓடுகிறவரிடம் ஒப்படைத்த பணம்

எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்திருந்த டெர்ரி ஃபாக்ஸ் என்னும் கனடா தேசத்து இளைஞர், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்டும் சங்கல்பத்துடன், 1980-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் தேதி செயற்கைக் கால் பூட்டிக்கொண்டு அந்நாட்டின் கீழ்க்கரையிலிருந்து ஓடத் தொடங்கி, நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரமாக 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தபின், நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டமையால் நடுவழியில் நின்றார். மேற்குக் கடலை அவர் ஓடி எட்டவில்லை. ஆயினும் அவர் நின்ற பிறகு தேசமே வாரி வழங்கியதில், அடுத்த ஆண்டின் தொடக்கத்துக்குள் நிதி 2 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டிற்று.

தர்ம காரியத்துக்காக நெடுந்தூரம் ஓட முற்படும் அன்பர்கள் இதை நெஞ்சில் இருத்திக்கொள்ள வேண்டும். கொடுத்தவர்கள் துன்பப்படுகிறவர்களுக்காகக் கொடுத்தார்களேயன்றி, எல்லைக்கோட்டைத் தொடுவதற்குக் கூலியாகக் கொடுக்கவில்லை. ‘இத்தனை பேர் பணம் கட்டியிருக்கிறார்களே, எப்படி நிற்பது?’ என்ற கூச்சமே, மார்பு வலித்தாலும் தலை சுழன்றாலும் ஒருவரை ஓரமாக உட்காரவிடாமல் விரட்டுகிறது. நிற்பது அவருடைய உரிமை.

சென்னை போன்ற கடலோர நகரங்களில் விடியற்காலையிலும் காற்றின் ஈரம் வியர்வையை எளிதில் உலரவிடுவதில்லை; உலராத வியர்வை தேகத்தைக் குளிர்விப்பதுமில்லை. ஓடுகிறவர் தள்ளாடிச் சம்பந்தமின்றிப் பேசத் தொடங்கினால், அதைக் களைப்பென்று எண்ணாமல் நிழலில் கிடத்திக் குளிர்ந்த நீரால் உடம்பை நனைத்தபடியே 108-ஐ அழைக்க வேண்டும். தண்ணீரிலும் அபாயம் உண்டு என்பதைப் பலர் அறியார்: தாகத்துக்கு மிஞ்சிக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கமும் வலிப்பும், சில வேளை மரணமுமே சம்பவிக்கும். வலி மாத்திரை விழுங்கிவிட்டு ஓடுவது சிறுநீரகத்துக்குத் தீங்கு.

மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயர், ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றுக்கென்று கோடிட்ட இடம் இருக்கும். பந்தயம் முடிந்தபின் தரையில் கிடக்கும் அட்டைகளில் அந்த இடம் வெறுமையாக இருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும்.

பணத்தின் சங்கதிக்கு வருவோம். நன்கொடையைத் தம் சொந்தக் கணக்கில் வாங்காமல், ஸ்தாபனத்தின் வங்கிக் கணக்குக்கே நேராகச் செலுத்தச் சொல்வதே ஓடுகிறவருக்கும் கொடுப்பவருக்கும் க்ஷேமம். ரசீதில் ஸ்தாபனத்தின் பெயர், பான் எண், பதிவு எண் ஆகியன இருக்கின்றனவா என்று பார்க்கலாம். கேட்பதற்குக் கூச வேண்டியதில்லை. 80ஜி என்று நெடுங்காலமாக வழங்கும் வருமான வரிச் சலுகை, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிட்டாது. பந்தய நுழைவுக் கட்டணம் நன்கொடையும் ஆகாது.

ஆனால் அந்தக் கட்டணமே வேறொரு உரிமையைத் தருகிறது. பந்தயத்தை ரத்துசெய்துவிட்டுப் பணத்தைத் திருப்பாவிட்டாலும், வாக்களித்த தண்ணீரும் வைத்தியரும் வழியில் இல்லாமற் போனாலும், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் முறையிடலாம். பயனில்லையேல் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ‘எது நேர்ந்தாலும் எங்களுக்குப் பொறுப்பில்லை’ என்ற தாளில் கையெழுத்திட்டிருப்பதாலேயே எல்லாம் முடிந்தது என்று ஒதுங்கிவிட வேண்டாம். ஓட்டத்தின் பெயரால் போலிக் கணக்குக்குப் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் மறுநாள் வரை காத்திராமல், அந்த மணி நேரத்திலேயே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்துவிட வேண்டும்; பணம் வேறு கைக்கு மாறுமுன் வங்கியால் அதை முடக்கிவைக்க இயலக்கூடும்.